நம் வார்டின் கோடு

குண்டலுபேட்டை கர்நாடக மாநிலத்தின் தெற்குக் கோடியில் உள்ள ஒரு சிறிய நகரம். மைசூரிலிருந்து வரும் பெரிய சாலை இந்த ஊரில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு சாலை பந்திப்பூர் காட்டு வழியாக ஊட்டிக்குப் போகிறது. இன்னொரு சாலை கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்குப் போகிறது. காய்கறி லாரிகளும், பூ மூட்டைகளும், சுற்றுலா பஸ்களும் இந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சாலை நம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சில கோடுகளும் இந்த ஊரில் ஓடுகின்றன. அவை தெருக்களுக்கு நடுவே ஓடுகின்றன. வீடுகளுக்குப் பின்னால் ஓடுகின்றன. அந்தக் கோடுகளைத் தரையில் யாரும் சுண்ணாம்பால் போடவில்லை. அரசாங்கத்தின் காகிதத்தில்தான் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் அவை மிகவும் சக்தி வாய்ந்தவை.

நம் தெருவுக்கு யார் கவுன்சிலர்? குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரைக் கேட்பது? எந்தச் சாவடியில் ஓட்டுப் போடுவது? இவை எல்லாம் அந்தக் கோடுகளைப் பொறுத்தவை. அவை வார்டு எல்லைகள், தொகுதி எல்லைகள்.

இந்தக் கோடுகளை யார் போடுகிறார்கள்? எப்படிப் போடுகிறார்கள்? ஏன் மாற்றுகிறார்கள்? இதைத் தெரிந்துகொள்வது ஓட்டுப் போடும் ஒவ்வொருவருக்கும் அவசியம்.

ஒரு வீடு, மூன்று கோடுகள்

குண்டலுபேட்டையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அந்த வீட்டைச் சுற்றி மூன்று கோடுகள் இருக்கின்றன.

முதல் கோடு மிகச் சிறியது. அது வார்டு. குண்டலுபேட்டை நகரத்தை ஆளுவது புரசபை. தமிழ்நாட்டில் இதை நகராட்சி என்று சொல்வார்கள். குண்டலுபேட்டை புரசபையில் 23 வார்டுகள் உள்ளன. ஒரு வார்டுக்கு ஒரு கவுன்சிலர்.

இரண்டாவது கோடு பெரியது. அது சட்டசபைத் தொகுதி. குண்டலுபேட்டை நகரமும் சுற்றியுள்ள பல கிராமங்களும் சேர்ந்தது குண்டலுபேட்டை சட்டசபைத் தொகுதி. இதில் சுமார் 2 லட்சம் வாக்காளர்கள் உள்ளனர். கர்நாடகத்தில் மொத்தம் 224 சட்டசபைத் தொகுதிகள். அவற்றில் கடைசி எண்ணான 224, குண்டலுபேட்டையுடையது.

மூன்றாவது கோடு இன்னும் பெரியது. அது பாராளுமன்றத் தொகுதி. குண்டலுபேட்டை, சாமராஜநகர், கொள்ளேகால், ஹனூர், நஞ்சன்கூடு, வருணா, டி.நரசிபுரம், ஹெக்கடதேவன்கோட்டை ஆகிய 8 சட்டசபைத் தொகுதிகள் சேர்ந்தது சாமராஜநகர் பாராளுமன்றத் தொகுதி. இது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி.

ஆக, ஒரே வீட்டில் இருப்பவர் மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கிறார். தெரு விளக்குக்கும் சாக்கடைக்கும் கவுன்சிலர். மாநிலச் சட்டங்களுக்கு எம்.எல்.ஏ. நாட்டின் சட்டங்களுக்கு எம்.பி.

வார்டு எதற்கு?

"ஊர் முழுவதும் சேர்ந்து 23 பேரைத் தேர்ந்தெடுத்தால் போதாதா? ஊரை ஏன் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஊர் முழுவதும் ஒரே தொகுதியாக இருந்தால் என்ன ஆகும்? பணம் உள்ளவரும், எல்லோருக்கும் தெரிந்த பெரிய மனிதரும் எளிதில் ஜெயிப்பார்கள். கடைவீதியைச் சுற்றியே 15 பேர் தேர்ந்தெடுக்கப்படலாம். ஊரின் ஓரத்தில் இருக்கும் குடியிருப்பிலிருந்து ஒருவர்கூட வராமல் போகலாம். அந்த ஓரத்துத் தெருவில் குழாய் உடைந்தால் கேட்க ஆள் இருக்காது.

வார்டு பிரித்தால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஆள் உண்டு. அவர் பக்கத்திலேயே இருப்பார். அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். "ஐயா, எங்கள் தெருவில் பத்து நாளாக விளக்கு எரியவில்லை" என்று நேரில் சொல்லலாம்.

இதற்கு நாட்டின் அரசியல் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நகராட்சியை வார்டுகளாகப் பிரிக்க வேண்டும், மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், 5 ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்த வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தத் தேர்தலை நடத்துவதற்கு ஒவ்வொரு மாநிலத்திலும் மாநிலத் தேர்தல் ஆணையம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

முதலில் தலையை எண்ண வேண்டும்

பந்தியில் சாப்பாடு பரிமாறுவதற்கு முன்னால் எத்தனை இலை என்று எண்ணுகிறோம். அதுபோல வார்டு பிரிப்பதற்கு முன்னால் மக்களை எண்ண வேண்டும். அதற்குத்தான் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு. இது பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குண்டலுபேட்டை நகரத்தில் 28,105 பேர் இருந்தார்கள். வார்டுகள் 23. இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 28,105-ஐ 23-ஆல் வகுத்தால் சுமார் 1,222 வரும். அதாவது ஒரு வார்டுக்கு ஏறக்குறைய 1,222 பேர் இருக்க வேண்டும்.

சரியாக 1,222 பேர் என்று எல்லா வார்டிலும் பிரிக்க முடியாது. அப்படிச் செய்தால் ஒரு வீட்டையே பாதியாக வெட்ட வேண்டி வரும். அதனால் ஒரு வார்டில் கொஞ்சம் கூட இருக்கலாம். ஒரு வார்டில் கொஞ்சம் குறைய இருக்கலாம். ஆனால் ஒன்றில் 600 பேர், இன்னொன்றில் 2,400 பேர் என்று இருந்தால் அது நியாயம் இல்லை.

ஏன் நியாயம் இல்லை? 600 பேருக்கும் ஒரு கவுன்சிலர். 2,400 பேருக்கும் ஒரு கவுன்சிலர். அப்படியானால் சிறிய வார்டில் இருப்பவர் ஓட்டுக்கு நான்கு மடங்கு மதிப்பு. பெரிய வார்டில் இருப்பவர் ஓட்டு காலணா ஆகிவிடுகிறது. ஏழையானாலும் பணக்காரரானாலும் ஓட்டு ஒன்றுதான், மதிப்பும் ஒன்றுதான் என்பது நம் நாட்டின் கொள்கை. வார்டுகள் ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் அந்தக் கொள்கை உண்மையாகும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வார்டு பிரிக்கும்போது வாக்காளரை மட்டும் எண்ணுவதில்லை. எல்லா மக்களையும் எண்ணுகிறார்கள். தொட்டில் குழந்தையும் கணக்கில் உண்டு. கணக்கெடுப்புக்காரர் வரும்போது வீட்டில் உள்ள எல்லோரையும் ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம். ஒரு தெருவில் பாதிப் பேர் கணக்கில் விட்டுப்போனால், அந்தத் தெருவின் பலம் பத்து ஆண்டுக்குக் குறைந்துவிடும்.

2011-க்கு அடுத்த கணக்கெடுப்பு 2021-ஆம் ஆண்டு நடந்திருக்க வேண்டும். கொரோனா நோய் பரவியதால் அது தள்ளிப்போனது. 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அரசு புதிய கணக்கெடுப்புக்கு அறிவிப்பு வெளியிட்டது. 2027-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி அதற்குக் கணக்கு நாளாகக் குறிக்கப்பட்டது.

கோடு போடும் முறை

நகராட்சி வார்டுகளின் எல்லையை மாநில அரசு சட்டப்படி முடிவு செய்கிறது. கர்நாடகத்தில் இதற்கு 1964-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் இருக்கிறது. வேலை பல படிகளாக நடக்கும்.

முதல் படி, கணக்கு. ஊரின் மக்கள் தொகையைப் பார்த்து எத்தனை கவுன்சிலர் என்று முடிவாகும். சட்டத்திலேயே இதற்கு ஓர் அளவு உண்டு. மக்கள் அதிகமானால் கவுன்சிலர்களும் அதிகம்.

இரண்டாவது படி, வரைபடம். மாவட்ட அதிகாரிகள் ஊரின் வரைபடத்தை விரித்து வைத்துக் கோடு போடுவார்கள். ஒரு வார்டு ஒரே துண்டாக இருக்க வேண்டும். இங்கே ஒரு தெரு, அங்கே ஒரு தெரு என்று தாவக் கூடாது. சாலை, ஓடை, வாய்க்கால் போன்ற எளிதில் அடையாளம் தெரியும் இடங்களை எல்லையாக வைப்பது நல்லது. வயலுக்கு வரப்பு எப்படியோ அப்படி.

மூன்றாவது படி, முன்வரைவு. இதுதான் மக்களுக்கு மிகவும் முக்கியமான படி. "இப்படி வார்டு பிரிக்கப் போகிறோம். ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்" என்று அரசிதழில் வெளியிடுவார்கள். அரசிதழைக் கெஜட் என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு வார்டுக்கும் வடக்கே எது, தெற்கே எது, கிழக்கே எது, மேற்கே எது என்று அதில் எழுதியிருக்கும். பத்திரத்தில் நிலத்துக்குச் சக்குபந்தி எழுதுவதைப் போலத்தான் இதுவும்.

நான்காவது படி, ஆட்சேபணை. குறிப்பிட்ட நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். படித்தவர்தான் கொடுக்க வேண்டும் என்பது இல்லை. கட்சிக்காரர்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை.

ஐந்தாவது படி, இறுதி அறிவிப்பு. ஆட்சேபணைகளைப் பார்த்த பிறகு கடைசி முடிவு அரசிதழில் வரும். அதன் பிறகு அந்தக் கோடு நிலைத்துவிடும். அடுத்த முறை மாற்றும் வரை அதை அசைப்பது மிகவும் கடினம்.

மூன்றாவது படிக்கும் ஐந்தாவது படிக்கும் நடுவில் உள்ள நாட்கள் குறைவு. அந்த நாட்களில் பெரும்பாலான மக்கள் வயலிலோ கூலி வேலையிலோ இருப்பார்கள். காகிதம் புரசபை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர் படித்துச் சொன்னால்தான் தெருவுக்குத் தெரியும்.

ஒரே கோடு, இரண்டு பலன்

கோடு எங்கே விழுகிறது என்பதில் என்ன பெரிய வித்தியாசம்? ஒரு உதாரணம் பார்ப்போம். இது கற்பனை ஊர். ஆனால் கணக்கு உண்மையானது.

ஓர் ஊரில் மூன்று வார்டுகள். ஒவ்வொன்றிலும் 1,200 பேர். மொத்தம் 3,600 பேர். அந்த ஊரில் கூலி வேலை செய்பவர்களின் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அதில் 900 பேர் வாழ்கிறார்கள். அங்கே சாக்கடை இல்லை. மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். சாக்கடை கட்ட வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை.

முதல் முறை: அந்தக் குடியிருப்பு முழுவதையும் ஒரே வார்டில் வைக்கிறார்கள். 1,200 பேரில் 900 பேர் அவர்கள். நாலில் மூன்று பங்கு. ஓட்டுக் கேட்டு வருகிற எல்லோரும் சாக்கடை பற்றிப் பேசியே தீர வேண்டும். பேசாதவர் ஜெயிக்க முடியாது.

இரண்டாவது முறை: குடியிருப்பின் நடுவே கோடு போட்டு மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு வார்டிலும் 300 பேர். 1,200 பேரில் 300 பேர் என்றால் நாலில் ஒரு பங்கு. மூன்று வார்டிலும் அவர்கள் சிறுபான்மை. மூன்று கவுன்சிலர்களும் "அது அடுத்த வார்டு வேலை" என்று சொல்லிவிடலாம்.

மக்கள் அதே மக்கள். வீடுகள் அதே வீடுகள். ஒருவரும் இடம் மாறவில்லை. கோடு மட்டும்தான் மாறியது. முதல் முறையில் 900 பேருக்குக் குரல் இருக்கிறது. இரண்டாவது முறையில் இல்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. அதே ஊரில் ஒரு தரப்பு மக்கள் 1,800 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் சரிபாதி. கோடு நியாயமாக இருந்தால் இரண்டு வார்டில்கூட அவர்கள் பெரும்பான்மை ஆகலாம். ஆனால் ஒரு வார்டில் 1,200 பேரையும் அவர்களாகவே அடைத்துவிட்டு, மீதி 600 பேரை மற்ற இரண்டு வார்டுகளில் 300, 300 என்று பிரித்துவிட்டால்? அவர்களுக்கு ஒரு இடம்தான் கிடைக்கும். ஊரில் பாதிப் பேர் இருந்தும் மூன்றில் ஒரு பங்குதான்.

ஆகவே கோடு போடுவதில் இரண்டு வகை ஏமாற்று இருக்கிறது. ஒன்று உடைத்துச் சிதறடிப்பது. மற்றொன்று ஒரே இடத்தில் அடைத்து வைப்பது.

இது புதிய தந்திரம் அல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்று ஒரு மாநிலம். 1812-ஆம் ஆண்டு அங்கே எல்பிரிட்ஜ் கெர்ரி என்பவர் கவர்னர். தன் கட்சிக்குச் சாதகமாகத் தொகுதிகளை வரையும் சட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். ஒரு தொகுதி வளைந்து நெளிந்து பல்லியைப் போன்ற ஒரு பிராணியின் வடிவத்தில் இருந்தது. ஒரு பத்திரிகை அதற்குச் சிறகும் நகமும் வரைந்து கேலிப்படம் போட்டது. அந்தப் பிராணியின் பெயரையும் கவர்னரின் பெயரையும் சேர்த்து "கெர்ரிமேண்டர்" என்று பெயர் வைத்தார்கள். இன்றும் உலகம் முழுவதும் தொகுதி எல்லையில் செய்யும் மோசடிக்கு அதுதான் பெயர்.

யாருக்கு எந்த வார்டு?

எல்லை போட்ட பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. அது இட ஒதுக்கீடு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு அந்த ஊரில் அவர்கள் இருக்கும் எண்ணிக்கைக்கு ஏற்ப வார்டுகளை ஒதுக்க வேண்டும். ஓர் ஊரில் 100 பேரில் 20 பேர் பட்டியல் சாதியினர் என்றால், 23 வார்டுகளில் ஏறக்குறைய 5 வார்டுகள் அவர்களுக்கு வரும். கர்நாடகத்தில் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஒதுக்கீடு உண்டு.

பெண்களுக்கும் இடம் உண்டு. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று 74-ஆவது திருத்தம் சொல்கிறது. கர்நாடகம் அதைப் பாதியாக உயர்த்தியது.

ஒதுக்கிய வார்டு எப்போதும் ஒரே வார்டாக இருக்க வேண்டியது இல்லை. சுற்று முறையில் மாறி வரும். ஒரு தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு, அடுத்த தேர்தலில் பொதுவாகலாம். அதனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் ஒதுக்கீட்டுப் பட்டியலையும் பார்க்க வேண்டும். இதற்கும் ஆட்சேபணை சொல்லலாம்.

பெண்கள் அரசியலுக்கு வருவது குண்டலுபேட்டைக்குப் புதிது அல்ல. கே.எஸ்.நாகரத்தினம்மா 1957-ஆம் ஆண்டிலேயே இந்தத் தொகுதியிலிருந்து சட்டசபைக்குப் போனார். அப்போது ஒதுக்கீடு எதுவும் கிடையாது. 1972-ஆம் ஆண்டு அவர் சட்டசபையின் சபாநாயகர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

கோடு ஏன் மாற வேண்டும்?

ஒருமுறை போட்ட கோட்டை அப்படியே விட்டுவிட்டால் என்ன? ஊர் நின்ற இடத்தில் நிற்பதில்லையே! புது லே-அவுட் வருகிறது. வேலை தேடி மக்கள் வருகிறார்கள். சில தெருக்கள் காலியாகின்றன. பத்து ஆண்டில் ஒரு வார்டு இரண்டு மடங்கு பெருகலாம். இன்னொன்று சுருங்கலாம்.

கோட்டை மாற்றாமல் விட்டால் எவ்வளவு தூரம் கெடும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு உதாரணம் உண்டு. ஓல்டு சாரம் என்று ஒரு பழைய ஊர். மக்கள் அதை விட்டு வெளியேறிப் பல நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. விரல்விட்டு எண்ணும் அளவுதான் வாக்காளர்கள். ஆனாலும் அந்த இடத்துக்குப் பாராளுமன்றத்தில் 2 உறுப்பினர்கள். அதே காலத்தில் மான்செஸ்டர் என்ற பெரிய ஆலை நகரத்துக்குத் தனி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 1832-ஆம் ஆண்டு சட்டம் மாறிய பிறகுதான் இந்த அநியாயம் நீங்கியது.

ஊர் பெருகினாலும் கோடு மாறும். சென்னை மாநகராட்சியில் முன்பு 155 வார்டுகள். 2011-ஆம் ஆண்டு சுற்றியுள்ள நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் சேர்த்தார்கள். வார்டுகள் 200 ஆயின.

அரசு எல்லை மாறினாலும் தொகுதி மாறும். கொள்ளேகால் இதற்கு நல்ல உதாரணம். முன்பு கொள்ளேகால் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் கொள்ளேகால் மக்கள் மதராஸ் சட்டசபைக்கு ஓட்டுப் போட்டார்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு, 1957-இல், அதே மக்கள் மைசூர் சட்டசபைக்கு ஓட்டுப் போட்டார்கள். ஊர் நகரவில்லை. கோடு நகர்ந்தது.

குண்டலுபேட்டையும் ஒரு கோட்டைத் தாண்டியிருக்கிறது. 1997-ஆம் ஆண்டு வரை அது மைசூர் மாவட்டம். அந்த ஆண்டு சாமராஜநகர் தனி மாவட்டம் ஆனது. குண்டலுபேட்டை அதில் சேர்ந்தது.

பெரிய கோடுகளின் கதை

சட்டசபை, பாராளுமன்றத் தொகுதிகளின் எல்லையை மாநில அரசு போடுவதில்லை. அதற்காகத் தனியாகத் தொகுதி மறுவரையறை ஆணையம் அமைக்கப்படும். சுதந்திரத்துக்குப் பிறகு 1952, 1962, 1972, 2002 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களின்படி நான்கு ஆணையங்கள் அமைந்தன. நான்காவது ஆணையத்தின் தலைவர் நீதிபதி குல்தீப் சிங். அந்த ஆணையம் 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து எல்லை போட்டது. முன்வரைவை வெளியிட்டு, ஊர் ஊராகக் கூட்டம் நடத்தி, மக்கள் கருத்தையும் கேட்டது. 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி புதிய எல்லைகள் நடைமுறைக்கு வந்தன. அந்த எல்லைகளின்படி முதலில் தேர்தல் நடந்த மாநிலம் கர்நாடகம். அது 2008-ஆம் ஆண்டு மே மாதம்.

அந்த மாற்றத்தில் சாமராஜநகர் மாவட்டம் ஒரு தொகுதியை இழந்தது. அதுவரை இந்த மாவட்டத்தில் 5 தொகுதிகள். பிறகு 4. மறைந்துபோன தொகுதியின் பெயர் சந்தேமரஹள்ளி. பெங்களூரில் மக்கள் பெருகியதால் அங்கே தொகுதிகள் கூடின. மொத்தம் 224-தான் என்பதால் மற்ற இடங்களில் குறைந்தன.

சந்தேமரஹள்ளியைப் பற்றி நாடு முழுவதும் பேசியது உண்டு. 2004-ஆம் ஆண்டுத் தேர்தலில் அங்கே ஆர்.துருவநாராயணா 40,752 ஓட்டு வாங்கினார். எதிர்த்து நின்ற ஏ.ஆர்.கிருஷ்ணமூர்த்தி 40,751 ஓட்டு வாங்கினார். வித்தியாசம் ஒரே ஒரு ஓட்டு! "என் ஒருவர் ஓட்டால் என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவருக்கு இதைச் சொல்லலாம். எல்லைக் கோடு ஒரு வீட்டின் இந்தப் பக்கம் விழாமல் அந்தப் பக்கம் விழுந்திருந்தாலே முடிவு மாறியிருக்கும். நான்கே ஆண்டில் அந்தத் தொகுதியே இல்லாமல் போனது. அதன் ஊர்கள் பக்கத்துத் தொகுதிகளில் சேர்ந்தன.

கோடு தாமதமானால்

கோடு தவறாகப் போவது ஒரு ஆபத்து. கோடே போடாமல் இழுத்தடிப்பது இன்னொரு ஆபத்து. வார்டு எல்லை முடியாமல் தேர்தல் நடத்த முடியாது என்று சொல்லிவிட்டால் தேர்தல் தள்ளிப்போகும். கவுன்சிலர் இல்லாத ஊரை அதிகாரி ஒருவர்தான் நடத்துவார்.

பெங்களூரில் இப்படி நடந்தது. அங்கே மாநகராட்சி உறுப்பினர்களின் காலம் 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் முடிந்தது. அப்போது 198 வார்டுகள். 2022-இல் அவை 243 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டன. 2023-இல் மீண்டும் மாற்றி 225 ஆக்கினார்கள். 2025-இல் நகரத்தையே ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். மறுபடியும் புதிய கோடுகள் தேவைப்பட்டன. 2020-க்குப் பிறகு 5 ஆண்டுகள் கழிந்தும் தேர்தல் நடக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. ஆனால் 9 மாவட்டங்களில் நடக்கவில்லை. பழைய மாவட்டங்களைப் பிரித்துப் புதிய மாவட்டங்கள் உண்டானதால், எல்லைகளை மறுபடி போட்ட பிறகே தேர்தல் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த 9 மாவட்டங்களில் 2021-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது.

உச்ச நீதிமன்றம் இதில் ஒரு முக்கியமான விஷயத்தையும் சொல்லியிருக்கிறது. ஆமதாபாத் மாநகராட்சி வழக்கில் 2006-ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. 5 ஆண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டியது கடமை, எல்லை வேலையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. மத்தியப் பிரதேச வழக்கில் 2022-ஆம் ஆண்டும் இதையே வலியுறுத்தியது.

மக்கள் செய்யக்கூடியவை

உங்கள் வார்டு எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் நான்கு எல்லைகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வார்டு மாற்றம் வருகிறது என்று கேள்விப்பட்டால் முன்வரைவைப் பாருங்கள். புரசபை அலுவலகத்திலும் தாசில்தார் அலுவலகத்திலும் விசாரிக்கலாம். உங்கள் தெருப் பெயர் எந்த வார்டில் இருக்கிறது என்று தேடுங்கள். ஒரே குடியிருப்பு இரண்டாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

குறை இருந்தால் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். மனுவில் நான்கு விஷயம் இருந்தால் போதும். எந்த வார்டு, எந்தத் தெரு, என்ன குறை, எப்படி மாற்ற வேண்டும். தெருவில் உள்ள பலர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பலம் அதிகம். மனுவைக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

வார்டு மாறிய பிறகு வாக்காளர் பட்டியலையும் பாருங்கள். தெரு ஒரு வார்டிலும், பெயர் வேறொரு வார்டிலும் இருந்தால் ஓட்டுப் போடும் நாளில் அலைய வேண்டி வரும். 18 வயது நிரம்பிய பிள்ளைகளின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கைநாட்டு வைத்த காலத்தில் இந்தக் காகிதங்களை மற்றவர்தான் படித்துச் சொல்ல வேண்டும். அவர் சொன்னதுதான் உண்மை. இப்போது எழுத்துத் தெரியும். சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை நின்று படிக்கலாம். வடக்கே எது, தெற்கே எது என்று விரல் வைத்துப் பார்க்கலாம். அக்கம்பக்கத்தாருக்கும் படித்துக் காட்டலாம்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வார்டு எண் என்ன? அதன் நான்கு பக்கமும் எவை?

2. உங்கள் ஊரின் மக்கள் தொகையை வார்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு வார்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள்?

3. ஒரு குடியிருப்பை இரண்டு வார்டுகளாகப் பிரித்தால் என்னென்ன கஷ்டம் வரும்?

4. வார்டு எல்லையை மாற்றக் கோரி ஒரு மனு எழுதிப் பழகுங்கள்.